கொம்புக்குப் பூச்சு கேட்ட எருமை

ஒரு விடுகதை. யோசித்துச் சொல்லுங்கள். கொம்பு இரண்டு உண்டு, முட்டாது. வயிறு உண்டு, புல் தின்னாது. கொம்பைப் பிடித்துத் திருகினால் உறுமிக்கொண்டு ஓடும். அது என்ன?

மோட்டார் சைக்கிள் என்று சொல்லியிருப்பீர்கள். சரிதான். அந்தக் கொம்பை, அதாவது கைப்பிடிக் கம்பியை, மாற்றலாம் என்று கடைக்குப் போனால் கடைக்காரர் முதலில் ஒன்று கேட்பார்: "குரோம் வேணுமா, கறுப்பு வேணுமா?" பக்கக் கண்ணாடிக்கும் அதே கேள்வி. சைலன்சருக்கும் அதே கேள்வி. சிலர் வெகுநேரம் நின்று யோசிப்பார்கள். அவர்களை அவசரப்படுத்தக் கூடாது. அது கடைக்காரர் கண்டுபிடித்த கேள்வி அல்ல. மிகப் பழையது. முதன்முதலில் அது ஓர் எருமையிடம் கேட்கப்பட்டது.

அந்தக் காலத்தில் மாடும் காகமும் மனிதர்களோடு சரிக்குச் சரி பேசிக்கொண்டிருந்தன. கொம்புள்ள விலங்குகள் எல்லாவற்றுக்கும் கொம்பு மண் நிறத்தில் இருந்தது. எமதர்மராசாவைச் சுமந்து திரிந்த எருமைக்கும் அப்படித்தான்.

அந்த எருமைக்கு ஒரே ஒரு மனக்குறை. அதை யாரும் பார்ப்பதில்லை. எமதர்மராசாவோடு ஓர் ஊருக்குள் போகும், வந்த வேலை முடியும், திரும்பும். வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. வழியில் ஒரு வாய் வைக்கோல் நீட்டியவர் கிடையாது.

"உன்னைப் பார்க்க ஆசைப்படுறவன் எவன்டா?" என்று சிரிக்கும் சனீஸ்வரருடைய காகம். "எனக்காவது அமாவாசைக்கு ஒரு பிடி சோறு வைக்கிறாங்க. உனக்கு என்ன வைப்பாங்க?"

எருமை வேறு பக்கம் திரும்பிக்கொள்ளும். அசைபோட்டுக்கொண்டு நிற்கும்.

ஒரு நாள் ஆற்றங்கரை ஊர் ஒன்றின் வழியாக வரும்போது அது ஒரு காட்சியைக் கண்டது. ஊர் எல்லையில் பேராச்சி என்பவள் தன் சின்ன மகள் ஆவுடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். தூரத்துச் சாலையில் ஏதோ பளிச் பளிச் என்று மின்னியது. "அப்பா வண்டி! அப்பா மாடு!" என்று ஆவுடை துள்ளினாள். கொஞ்ச நேரத்தில் ஓர் உப்பு வண்டி வந்து நின்றது. அதை ஓட்டி வந்தவன் பேராச்சியின் கணவன் பூலுடையான். வண்டி மாடுகளின் கொம்புகளில் செம்பு உறை மாட்டி, அதன்மேல் ஈயம் பூசியிருந்தது. வெள்ளி தோற்கும் அந்தப் பளபளப்பு. ஆவுடை இறங்கி ஓடிப்போய் மாட்டின் காலைக் கட்டிக்கொண்டாள்.

எருமை அந்தக் கொம்புகளை வைத்த கண் வாங்காமல் பார்த்தது. 'கொம்பில் இருக்கிறது சூட்சுமம்' என்று அது நினைத்துக்கொண்டது.

பேராச்சிக்குப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுவது தொழில். கணவன் வருவதைத் தூரத்திலேயே தெரிந்துகொள்ளத்தான் மாட்டுக் கொம்புக்கும் பூசியிருந்தாள். மறுநாள் காலையில் எருமை அவள் பட்டறை வாசலில் வந்து நின்றது. யாருடைய எருமை என்று தெரிந்ததும் அவள் கையிலிருந்த துருத்தி நின்றுபோனது.

"பயப்படாதீங்க தாயி. நான் மட்டும்தான் வந்திருக்கேன். கொம்புக்குப் பூச்சு போடணும்."

பேராச்சி மூச்சை விட்டாள். தொழில் என்று வந்துவிட்டால் அவளுக்குப் பயம் போய்விடும். "பூச்சு ரெண்டு வகை இருக்கு, எருமையாரே. ஈயம் ஒண்ணு, கரி ஒண்ணு. விளக்குக் கரியை எண்ணெயில் குழைச்சுக் கொம்பிலேயே பூசி அனலில் காட்டிருவேன். கறுகறுன்னு ஆயிரும். உங்க சவாரிக்கு அதுதான் நல்லது. சேறு தெரியாது, கீறல் தெரியாது, தினம் துடைக்க வேண்டாம்."

"ஈயம் எப்படி?"

"ஈயம் தூரத்துக்குத் தெரியும். வெயில் பட்டா அடுத்த ஊருக்கே தெரியும்."

"எனக்குத் தெரியணும் தாயி" என்றது எருமை.

அவள் கொம்புக்கு அளவான செம்பு உறைகளைக் காய்ச்சி, ஈயம் ஒட்டுவதற்கு நவச்சாரத்தைத் தூவி, ஈயத்தைத் தேய்த்துத் துணியால் ஒரு சுற்றுச் சுற்றினாள். கொம்பில் மாட்டியதும் உறையில் வானம் தெரிந்தது. எருமை தலையை இப்படியும் அப்படியும் திருப்பித் தொட்டித் தண்ணீரில் பார்த்துக்கொண்டது.

எமதர்மராசா பார்த்துவிட்டு, "என்னடா, கல்யாணத்துக்கா போறோம்?" என்று மட்டும் கேட்டார்.

எருமை ஆசைப்பட்டது நடந்தது. எல்லோரும் அதைப் பார்த்தார்கள். ஆனால் பார்த்தவர்கள் அதன்பின் வேறு எதையும் பார்க்கவில்லை. சாலையில் மின்னல் தெரிந்தவுடன் விதைக்கிறவன் விதைப் பெட்டியை வயலிலேயே போட்டுவிட்டு ஓடினான். அடுப்பில் களி தீய்ந்தது. மணவறையில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை எழுந்து போய்ப் பரணில் ஏறிக்கொண்டான். எமதர்மராசா தேடிப் போனதோ, பேரன் பேத்தி எடுத்து, பல்லெல்லாம் உதிர்ந்து, எப்போது வருவார் என்று காத்திருந்த ஒரு கிழவரை. அந்த ஒரு கிழவருக்காக வழியிலிருந்த ஊர்களெல்லாம் கதவைச் சாத்தின.

"நாம இவங்களுக்காக வரலையே" என்றது எருமை.

"அவங்களுக்கு அது எப்படித் தெரியும்? முன்னே நாம வர்றது யாருக்கும் தெரியாது. கடைசி வாய்க் கஞ்சியைக்கூட நிம்மதியாக் குடிச்சாங்க. இப்போ பார், உயிரோட இருக்கிறவன்கூடக் குடிக்கலை."

எருமை தலையைக் குனிந்துகொண்டது. குனிந்தாலும் கொம்பு மின்னியது.

மழைக்காலம் தொடங்கியது. ஈரமான வயல்கள் விதை இல்லாமல் கிடந்தன. ஒரு நாள் மாலையில் எமதர்மராசாவும் எருமையும் வேலை முடிந்து, ஆற்றைக் கடந்து, பேராச்சியின் ஊர் வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். தெருவில் ஈ காக்கை இல்லை. திடீரென்று ஒரு கதவு திறந்தது. ஆவுடை ஓடி வந்தாள். விழுந்தாள், எழுந்தாள், மறுபடி ஓடி வந்தாள். வந்த வேகத்தில் எருமையின் முன்னங்காலைக் கட்டிக்கொண்டாள்.

எருமை அசையவில்லை. அதன் வாழ்நாளில் யாரும் அதை நோக்கி ஓடி வந்ததில்லை. குழந்தையின் கன்னம் சூடாக இருந்தது.

ஆவுடை நிமிர்ந்து பார்த்தாள். "நீ எங்கப்பா மாடு இல்லையா?"

"இல்லை, பாப்பா."

"அப்பா பின்னால வர்றாரா? நிலா வளர்றதுக்கு முன்னாடியே வந்துருவேன்னு சொன்னார். இப்போ நிலா தேயுது."

எருமை பதறிப்போய் எமதர்மராசாவைத் திரும்பிப் பார்த்தது. "அவர்கிட்ட எனக்கு இப்போ ஒரு வேலையும் இல்லை" என்றார் அவர், சற்றுக் கூச்சத்தோடு.

அப்போதுதான் எருமைக்கு நினைவு வந்தது. அக்கரையில் ஓர் உப்பு வண்டி நின்றிருந்தது. வண்டிக்காரன் தோணிக்காரரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிப் போயிருந்தான். இக்கரையில் தோணிக்காரர் புதருக்குள் பதுங்கியிருந்தார். 'என்னைப் பார்த்துத்தான் ஒளிகிறார்' என்று எருமை நினைத்தது. அது தவறு. எருமை வருவதற்கு முன்பிருந்தே அவர் அங்கே பதுங்கியிருந்தார். பூலுடையானின் மாட்டுக் கொம்பு மின்னுவதை எமன் என்று நினைத்து, அவர் தோணியை அவிழ்க்கவே இல்லை. மழையில் உப்பு கரைந்துகொண்டிருந்தது.

"உங்கப்பா அக்கரையில நல்லா இருக்கார், பாப்பா" என்றது எருமை. "வா, உங்கம்மாகிட்டப் போகலாம்."

பட்டறையில் பேராச்சி எல்லாவற்றையும் கேட்டாள். கணவன் உயிரோடு இருக்கிறான் என்றதும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். பிறகு முகத்தைத் துடைத்துவிட்டுச் சொன்னாள்: "உங்க கொம்பில் போட்டதை நான் கழற்ற மாட்டேன், எருமையாரே. எமன் வீட்டு வாகனத்துக்குக் கொடுத்ததைத் திரும்ப வாங்கினவள்னு பேர் வேண்டாம். எங்க வீட்டுக்காரர் மாட்டுக்குக் கரி பூச அக்கரைக்கு ஆள் அனுப்பறேன். மின்னுறது நீங்க மட்டும்னு ஆயிட்டா, தோணிக்காரர் அவருக்குத் தோணி விடுவார்."

"அப்போ மத்த ஊரெல்லாம் பரணிலேயே இருக்கும் தாயி. விதைக்க ஆள் வர மாட்டாங்க."

"நான் என்ன செய்யட்டும்? ராசா சொல்லட்டும்."

"கொம்பு அவனோடது" என்றார் எமதர்மராசா. "நான் மேலே உட்கார்றவன், அவ்வளவுதான்."

எருமை ஆவுடையைப் பார்த்தது. "பாப்பா, நீ சொல்லு. உங்கப்பா மாட்டுக்கு ஒரு பூச்சு, எனக்கு ஒரு பூச்சு. எது யாருக்கு?"

ஆவுடை கிட்டே வந்தாள். எருமையின் மூக்கைத் தடவினாள். "கறுப்புப் பூசினா உன்னை யாரும் பார்க்க மாட்டாங்களே?"

"பார்க்க வேண்டாம். ஒரு தடவை நீ ஓடி வந்தே. யாருன்னு தெரியாமத்தான் வந்தே, ஆனாலும் வந்தே. அதை வச்சுக்கிட்டு எத்தனை காலம் வேணும்னாலும் நடப்பேன். அதுக்காக உனக்குத்தான் நான் கும்பிடு போடணும்."

எருமையே கேட்டுக்கொண்டதால் பேராச்சி உறைகளைக் கழற்றி, கொம்பில் கரியைப் பூசி அனலில் காட்டினாள். எமதர்மராசா அன்று சவாரி செய்யவில்லை. இறங்கி, எருமைக்குப் பக்கத்தில் நடந்தே ஊர் எல்லையைத் தாண்டினார். அவர்கள் போனது யாருக்கும் தெரியவில்லை.

இனி மின்னுவது எமன் இல்லை என்று பேராச்சி தோணிக்காரருக்கும் ஊர்களுக்கும் ஆள் அனுப்பினாள். மறுநாள் நண்பகலில் சாலையில் பளிச்சென்று மின்னியது. ஊரே கதவைத் திறந்து தெருவுக்கு வந்து நின்று பார்த்தது. பூலுடையான் பாதி உப்போடும் முழு உடம்போடும் வந்து சேர்ந்தான். அந்த வாரமே வயல்களில் விதை விழுந்தது. விதைக்கும்போது முதல் கைப்பிடியை, எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியாத அந்த எருமைக்காக வரப்போரம் தூவினார்கள். காகம் வந்து அதைக் கொத்தித் தின்றுவிட்டு, "அவன் பங்குதான், கொண்டுபோய்ச் சேர்த்துடறேன்" என்றது.

அன்று முதல்தான் எருமையின் கொம்பு கறுப்பாக இருக்கிறது. அது வருவது நமக்கு முன்கூட்டித் தெரிவதில்லை. நாம் நிம்மதியாக விதைக்கிறோம், சமைக்கிறோம், உண்கிறோம். அன்று முதல்தான் வீடு திரும்புகிறவர்களின் வண்டியில் ஏதாவது ஒன்று மின்னுகிறது; எல்லாவற்றையும் கறுப்பில் வாங்கி மாட்டுகிறவர்கள்கூடக் கண்ணாடியின் முகத்தை மட்டும் வெள்ளியாகவே விட்டுவைக்கிறார்கள். எது யாருக்கு என்று எருமை கேட்டது. ஆவுடை, ஈயம் அப்பாவுக்கு, கரி உனக்கு என்று சொன்னாள்.