பின்பக்கத்து இடது சக்கரம்

"லைசென்ஸ் வாங்கி நாலு மாசம் ஆச்சு. இன்னும் என்னம்மா பாக்கி?" என்று கேட்டாள் தமயந்தி.

அவள் அம்மா சிவகாமி, மலையில் இருக்கும் பள்ளிக்கூடத்துக்கு ஆறு பிள்ளைகளைத் தினமும் காரில் கொண்டுபோய் விடுகிறவள். புதன்கிழமை அவளுக்குக் கண்ணில் புரை ஆபரேஷன். அதன்பின் மூன்று வாரம் ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அந்த மூன்று வாரமும் தானே ஓட்ட வேண்டும் என்று தமயந்திக்கு ஆசை. அம்மா இன்னும் சரி என்று சொல்லவில்லை.

"டயர் மாத்தத் தெரியுமா?"

"அதுக்கு ரோட்டுல யாராவது வருவாங்க."

"பிள்ளைங்களை உள்ள வச்சுக்கிட்டு ஆள் தேடுவியா?"



ஞாயிற்றுக்கிழமை காலை, வாசலில் நின்ற காரில் சிவகாமி ஒருமுறை செய்து காட்டினாள். ஹேண்ட் பிரேக்கைப் போட்டாள். நட்டுகளை லேசாகத் தளர்த்தினாள். ஜாக்கியை ஏற்றி, பின்பக்கத்து இடது சக்கரத்தைக் கழற்றினாள். திரும்ப மாட்டி, நட்டுகளை முடுக்கி, ஜாக்கியை இறக்கினாள்.

பிறகு ஸ்பேனரை மறுபடி எடுத்து, நான்கு நட்டுகளையும் பலம் கொண்ட மட்டும் முடுக்கினாள்.

"அதான் ஏற்கெனவே முடுக்கிட்டியே?"

"அந்தரத்துல இருந்தா சக்கரமும் நம்ம கையோட சேர்ந்து சுத்தும். தரையில நின்னாத்தான் நட்டு முழுசா இறுகும். இப்ப நீ செய்."

சிவகாமி நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். சொட்டு மருந்தை விட்டுக்கொண்டு கண்களை மூடினாள்.

"நீ பார்க்க வேண்டாமா?"

"நீ செய் கண்ணு."

தமயந்தி செல்போனில் நேரத்தை ஓடவிட்டாள். அதே சக்கரத்தைக் கழற்றினாள். மாட்டினாள். ஜாக்கியை இறக்கினாள். சாமான்களை டிக்கியில் போட்டு, படாரென்று சாத்தினாள்.

"பன்னிரண்டே நிமிஷம்! நான் மெக்கானிக் கடையே வைக்கலாம்."

"தோசை சுடத்தான் அரைமணி நேரம் ஆகும் உனக்கு," என்றாள் சிவகாமி.

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். காரின் பின்சீட்டில், அந்தச் சக்கரத்துக்கு நேர் மேலே உட்கார்ந்தாள்.

"இது மகிழினியோட இடம்," என்றாள்.

ஆறு பேரில் மிகச் சின்னவள் மகிழினி. யு.கே.ஜி. படிக்கிறாள்.

"ரெண்டாவது வளைவுலயே தூங்கிருவா. சரி, ஓட்டு."

தமயந்தி முன்னால் ஏறிச் சாவியைச் செருகினாள்.

சாவியைத் திருகக் கை வரவில்லை.

இறங்கினாள். டிக்கியைத் திறந்தாள். ஸ்பேனரை முதல் நட்டில் வைத்து அழுத்தினாள்.

அரைச் சுற்றுச் சுற்றியது.

அடுத்ததும் சுற்றியது. நான்குமே சுற்றின.

ஸ்பேனரோடு நிமிர்ந்தாள். பிறகு கேட்டாள்:

"உனக்குத் தெரியுமா?"

"ஜாக்கி இறங்குன சத்தம் கேட்டுச்சு. அதுக்கப்புறம் டிக்கி சாத்துன சத்தம்தான் கேட்டுச்சு."

"தெரிஞ்சுமா ஏறி உட்கார்ந்த?"

"மகிழினி தெரியாமத்தானே உட்காருவா?"

தமயந்தி ஸ்பேனரோடு அடுத்த சக்கரத்துக்குப் போனாள்.