எண் சொல்லாத கணக்கு

முன்னாளில், எந்த ஏட்டிலும் பெயர் எழுதப்படாமல் விடுபட்டுப்போன ஒரு நாட்டை வீரகேது என்ற அரசன் ஆண்டுவந்தான். அவனுக்கு எதிலும் சந்தேகம், எவர் மேலும் சந்தேகம்.

ஒருநாள் தன் மகள் அமுதவல்லியிடம், "உன்னிடம் எட்டுப் பொம்மைகள். உன் தோழியிடம் உன்னைவிட மூன்று குறைவு..." என்று தொடங்கினான். கேள்வியே முடியவில்லை. அந்த ஏழு வயதுக் குழந்தை, "கூட்டணுமா, கழிக்கணுமா அப்பா?" என்றாள்.

அரசனுக்குத் திக்கென்றது. அரண்மனைப் பள்ளியின் மற்றப் பிள்ளைகளையும் அழைத்துக் கேட்டான். வாய்ப்பாட்டை மழையாகப் பொழிந்தவர்கள், கணக்கைக் கதையாகச் சொன்னதும் திருதிருவென விழித்தார்கள். 'நாளைக்கு எவனாவது கதை சொல்லியே என் மகளை ஏமாற்றிவிடுவானே!' என்று அரசன் கலங்கினான்.

பள்ளி ஆசிரியர் திரிலோசனருக்கு விகடகவி விருத்தகிரியின் செல்வாக்கைக் கண்டு நெடுநாளாக வயிற்றெரிச்சல். சபையில் எழுந்து நின்றார்.

"அரசே, சொல்லில் வல்லவர் விகடகவி. ஒரு மாதத்தில் அவரே இவர்களைத் தேற்றட்டும். ஆனால் எண் கற்பிப்பது என் பணி. அவர் பிள்ளைகளிடம் ஓர் எண்ணைக்கூட உச்சரிக்கக் கூடாது. உச்சரித்தாலோ, பிள்ளைகள் தோற்றாலோ, அவர் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும்."

"அப்படியே ஆகட்டும்" என்றான் விருத்தகிரி.

இவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொண்டானே என்று அரசனுக்கு உறுத்தியது. மறுநாளே பள்ளியின் திரைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டான். "ஒரு ஊரிலே" என்று தொடங்கினால்கூட அதில் ஓர் எண் இருக்கிறதே!

விருத்தகிரியோ, "ஏதோ ஊரிலே, குளத்தங்கரையிலே கொக்குக் கூட்டம் நின்னுச்சாம். அப்புறம் இன்னும் கொஞ்சம் கொக்கு வந்துச்சாம். இப்ப என்ன ஆச்சு?" என்றான்.

பிள்ளைகள் கொக்குகளாக நின்றார்கள், பறந்து வந்தார்கள். "கூட்டம் பெருசாச்சு!"

"யார் வந்தா? யார் போனா? நம்மகிட்ட எதைக் கேட்கறாங்க? அதைச் சொல்லாம யாரும் விடை சொல்லக்கூடாது."

தினமும் இதே கதைதான். ஓர் எண்கூட அவன் வாயிலிருந்து விழவில்லை. அரசனின் சந்தேகமோ வளர்ந்தது. கை விரித்தால் கூட்டல், குந்தினால் கழித்தல் என்று ரகசியச் சைகை கற்பிக்கிறானோ? திரிலோசனரும், "எனக்கும் அதே ஐயம்தான், அரசே" என்று காதைக் கடித்தார்.

மாதம் முடிந்தது. யாரையும் நம்பாத அரசன் கேள்வியைத் தானே தயாரித்து மனத்துக்குள் வைத்துக்கொண்டான். சபை நடுவே விருத்தகிரியை உட்காரவைத்து, தலையோடு கால் கம்பளியால் மூடச் சொன்னான். பிறகு பிள்ளைகளைப் பார்த்தான்.

"நேற்றுக் காலை அரண்மனைக்கு ஏழு பல்லக்குகள் வந்தன. ஒவ்வொன்றையும் சுமந்து வந்தவர்கள் நான்கு பேர். மாலையில் மூன்று பல்லக்குகள், சுமந்தவர்களோடு திரும்பிப் போயின. மதியம் பல்லக்குத் தூக்கிகளுக்கு எத்தனை இலை போட்டோம்?"

பிள்ளைகள் வாய் திறக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார்கள்.

"பார்த்தீர்களா! ஊமைகளாக்கிவிட்டார்" என்று துள்ளினார் திரிலோசனர். "இருபத்தெட்டில் பன்னிரண்டு போனால் பதினாறு. பதினாறு இலை!"

அமுதவல்லி கண்ணைத் திறந்தாள். "ஐயா, அவங்க மாலையிலதானே போனாங்க? மதியம் எல்லாரும் இங்கதானே இருந்தாங்க? பதினாறு இலைதான் போட்டா, மத்தவங்க பட்டினியா?"

"இருபத்தெட்டு இலை!" என்று எல்லாப் பிள்ளைகளும் கத்தினார்கள்.

நேற்றுப் பந்தியில் விழுந்ததும் இருபத்தெட்டு இலைகள்தாம். திரிலோசனர் மெல்ல உட்கார்ந்தார்.

சைகை ஏதும் போயிருக்குமோ என்ற கடைசிச் சந்தேகத்தோடு அரசன் இறங்கி வந்து கம்பளியைத் தூக்கினான். உள்ளே விருத்தகிரி குறட்டைவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான்.

"நாட்டைவிட்டே வெளியேற வேண்டியிருக்கும் நேரத்தில் தூக்கமா?"

விருத்தகிரி கண்ணைக் கசக்கினான். "அரசே, அவர்களே யோசிக்கும்போது எனக்கு இங்கே என்ன வேலை?"

அரசன் வயிறு குலுங்கச் சிரித்தான். தன் முத்துமாலையைக் கழற்றி விகடகவியின் கழுத்தில் போட்டான். மறுநாள் முதல் திரிலோசனரும் பிள்ளைகளோடு பாயில் அமர்ந்து கதை கேட்க வேண்டும் என்று ஆணையிட்டான்.

கொக்காக நிற்பதற்குத்தான் அவருக்குக் கொஞ்ச நாள் பிடித்ததாம்.