பட்டம் சொல்லி முடியட்டும்

ஆலமங்கை நகராட்சித் தலைவர் பரமதயாளனுக்குப் புகழ்ச்சி என்றால் சர்க்கரைப் பொங்கல், புகார் என்றால் வேப்பெண்ணெய். மன்றக் கூட்டத்தில் பொதுமக்களும் பேசலாம் என்று மேலிடத்து உத்தரவு வந்ததும், அவர் விதி போட்டார். ஆளுக்கு ஒரே நிமிடம். மணி அடித்தால் உட்கார்ந்துவிட வேண்டும்.

ஆனால் பேசுமுன் தலைவரைப் பட்டங்கள் சொல்லி அழைக்க வேண்டுமாம். எத்தனை பட்டம் சொன்னாலும் அந்த நேரம் கணக்கில் வராது, நடுவில் யாரும் குறுக்கிடவும் கூடாது.

முதல் கூட்டத்தில் நாலு பேர் பேசினார்கள். நாலு பேருக்கும் பாதிப் பேச்சிலேயே மணி அடித்தது. ஐந்தாவதாக, துணி தேய்த்துப் பிழைக்கும் மாடத்தி எழுந்தாள்.

"ஏழைகளின் ஏந்தலே! எங்க தெருவுக்கு இருபது நாளா தண்ணி விடாத தலைவரே! அந்தத் தண்ணியை மச்சினர் கல்யாண மண்டபத்துக்குத் திருப்பிவிட்ட தர்மப்பிரபுவே! மனுவோட வந்த பிள்ளைத்தாச்சியை மூணு தடவை வெயில்ல நிக்க வச்ச வள்ளலே!"

கூட்டம் கைதட்டியது. பரமதயாளன் மேசையைக் குத்தினார்.

"மணியை அடிய்யா!"

மணிக்காரர் கையைப் பிசைந்தார். "அவங்க இன்னும் பட்டமே சொல்லி முடிக்கலையே ஐயா. நீங்க போட்ட விதிதானே?"

மாடத்தி கும்பிட்டாள். "பட்டம் முடிஞ்சுது ஐயா. என்னோட ஒரு நிமிஷம் அப்படியே இருக்கு. அதை நீங்களே வச்சுக்கிடுங்க, பதில் சொல்ல."

மணிக்காரர் கடிகாரத்தைப் பார்த்தபடி மணியில் கை வைத்தார்.