ஊசிக்குளத்து நால்வர் கணினித் துறைக்கு விண்ணப்பித்த கதை

அறிவாளிகள் தங்கள் கதையைத் தாங்களே எழுதிக்கொள்வார்கள். மற்றவர்களின் கதையையும் யாராவது எழுத வேண்டாமா? ஆகவே நான் எழுதுகிறேன்.

செம்பொத்தைப் பல்கலைக்கழகத்தில் முதல் வருடம் எல்லாருக்கும் பொதுப் படிப்பு. அது முடிந்ததும் அவரவர் விரும்பிய துறைக்கு விண்ணப்பிக்க வேண்டும். வேதியியலில் இடம் உண்டு, வரலாற்றில் இடம் உண்டு. தாவரவியல் துறைத் தலைவர் வாசலிலேயே நின்றுகொண்டு, சேருகிறவர்களுக்கு ஒரு கொய்யாக் கன்று இலவசம் என்று கூப்பிட்டுப் பார்த்தார். பிள்ளைகள் கன்றை வாங்கிக்கொண்டு நேரே கணினி அறிவியல் துறைக்கு நடந்தார்கள். அங்கே மொத்தமே நாற்பது இடம்.

அந்த நாற்பதில் நாலு நமக்குத்தான் என்று கிளம்பியவர்கள் ஊசிக்குளத்துப் பிள்ளைகள்: தில்லைக்கூத்தன், ஜெபசெல்வி, காதர் மைதீன், இசக்கிமுத்து. கூத்தன் மற்றவர்களைவிடப் பதினோரு நாள் மூத்தவன். அதனால் எல்லாரும் அவனை அண்ணாச்சி என்றார்கள். யோசிக்கிற பொறுப்பையும் அவனிடமே விட்டிருந்தார்கள்.

சொன்ன சொல் தட்டாத பிள்ளைகள். நூலகத்தில் 'அமைதி காக்கவும்' என்று பலகை வைத்திருந்ததைப் பார்த்து, காலையில் இருவரும் மாலையில் இருவருமாக வாசலில் கம்போடு நின்று ஒரு மாதம் அமைதியைக் காத்தவர்கள். அந்த மாதம் அமைதி திருட்டுப் போகவில்லை என்று நூலகரே ஒப்புக்கொண்டார்.

கணினித் துறை கிடைக்காவிட்டால் ஊருக்குப் போக முடியாது. ஏனென்றால் ஊசிக்குளம் பேருந்து நிறுத்தத்தில் 'எங்கள் கணினிச் சிங்கங்களே வருக' என்று நான்கு பேர் படத்தோடும் ஃபிளெக்ஸ் வைத்தாகிவிட்டது. இசக்கிமுத்துவின் அம்மா, இடம் கிடைக்காவிட்டால் மாமாவின் அரிசி ஆலையில் தவிடு அள்ளத்தான் போக வேண்டும் என்று சொல்லியிருந்தாள். அந்த அம்மா எதையும் சும்மா சொல்கிறவள் இல்லை.

விண்ணப்பம் இணையத்தில். முதல் கட்டளை: 'சமீபத்தில் எடுத்த புகைப்படத்தைச் சேர்க்கவும்.'

"சமீபம்னா பக்கம்," என்றான் காதர் மைதீன். பத்தாம் வகுப்பில் தமிழில் தொண்ணூற்றெட்டு வாங்கியவன். "பக்கத்துல வச்சு எடுக்கச் சொல்லுதாங்க."

"எவ்வளவு பக்கத்துல?" என்றாள் ஜெபசெல்வி.

"போட்டி கூடுதல். எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது," என்றான் கூத்தன்.

இசக்கிமுத்துவின் படத்தில் இடது மூக்குத் துவாரம் தெளிவாக விழுந்திருந்தது. காதருக்கு ஒரு புருவம். செல்விக்குக் கம்மலில் பாதி. கூத்தன் கைப்பேசியை நெற்றியில் ஒட்டவைத்து எடுத்தான். படம் முழுக்கக் கருப்பு. சமீபத்தில் அவனை மிஞ்ச ஆளில்லை என்று மற்ற மூவரும் கொஞ்சம் பொறாமைப்பட்டார்கள்.

அடுத்து, 'உங்களைப் பற்றி ஐந்நூறு சொற்களுக்கு மிகாமல் எழுதுக.' மிகுந்துவிடுமோ என்று பயந்த இசக்கிமுத்து 'நான்' என்று எழுதி நிறுத்திக்கொண்டான்.

கடவுச்சொல்லில்தான் பெரிய சிக்கல் வந்தது. ஆளுக்கொன்று உண்டாக்கிக்கொண்டார்கள். உடனே திரையில், 'உங்கள் கடவுச்சொல்லை யாரிடமும் சொல்லாதீர்கள்' என்று வந்தது. நால்வரும் சத்தியம் செய்தார்கள். அடுத்த நிமிடமே அதே திரை, 'கடவுச்சொல்லைச் சொல்லவும்' என்றது.

"பாத்தியா!" என்றான் கூத்தன். "நம்ம நாணயத்தைச் சோதிக்குது. ஒருத்தரும் வாயைத் திறக்கக் கூடாது."

"இல்லண்ணாச்சி," என்றான் காதர். "யாரிடமும்னா உயர்திணை. கம்ப்யூட்டரு அஃறிணை. எதனிடமும் சொல்லாதேன்னு போடலியே. தாராளமாச் சொல்லலாம்."

"ஆனா நான் உள்ள வந்ததும், வணக்கம் ஜெபசெல்வின்னு சொல்லிச்சே," என்றாள் செல்வி. "எங்க பெரியப்பாகூட என்னைப் பேரு சொல்லி வணக்கம் சொன்னதில்லே. மரியாதை தெரிஞ்சது எப்படி அஃறிணையாகும்?"

இரண்டு மணி நேரம் பேசினார்கள். கடைசியில் இரண்டு கட்சிக்கும் குறை இல்லாமல் கூத்தன் தீர்ப்புச் சொன்னான்: கடவுச்சொல்லைத் தட்டலாம், ஆனால் கம்ப்யூட்டர் பார்க்கக் கூடாது. செல்வியின் துப்பட்டாவைத் திரைமேல் போட்டு மூடிவிட்டு, நால்வரும் தட்டினார்கள்.

துப்பட்டாவை எடுத்தபோது, 'நான் ரோபோ அல்ல' என்று ஒரு வரியும் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டமும் இருந்தன.

"நாமளே சொன்னா நம்பிருவாங்களா?" என்றான் கூத்தன். "சாதிக்குச் சான்றிதழ் கேக்குதாங்க, இருப்பிடத்துக்குக் கேக்குதாங்க. இதுக்கு மட்டும் சும்மா விடுவாங்களா?"

பேருந்து பிடித்து ஊசிக்குளம் கிராம நிர்வாக அலுவலரிடம் போனார்கள். ஃபிளெக்ஸ் கண்ணில் படாமல் இருக்க ஒரு நிறுத்தம் முன்பே இறங்கிக்கொண்டார்கள். அலுவலர் நிதானமான மனிதர். அப்படி ஒரு சான்றிதழே கிடையாது என்று சொல்லி அவர் யாரையும் திருப்பி அனுப்பியதில்லை.

"ரோபோ இல்லேன்னு சான்றிதழா? அப்பா?"

"அவரும் இல்லே சார்."

"தாத்தா?"

"அவரு இறந்துட்டாரு சார்."

"அப்ப அவரும் இல்லே. ரேஷன் கார்டுல பேரு இருக்கா?"

"இருக்கு சார்."

"அப்புறம் என்ன? ரோபோவுக்கு ரேஷன் கார்டு கிடையாதுல்லா."

முத்திரை குத்திக் கொடுத்தார். கீழே சின்ன எழுத்தில், 'இச்சான்று ஆறு மாதங்களுக்கு மட்டும் செல்லும்' என்று இருந்தது. ஏழாவது மாதம் என்ன ஆவோம் என்ற கவலை திரும்பி வரும் வழியெல்லாம் இசக்கிமுத்துவை அரித்தது.

இனி நேர்காணல். மூன்றாம் வருடம் படிக்கும் மேகலா அக்கா பாவம் பார்த்து யோசனை சொன்னாள். "மார்க் எல்லாரும் வச்சிருப்பாங்க தம்பி. நேர்காணல் அன்னைக்கு நீங்க தனிச்சு நிக்கணும். அதுதான் முக்கியம்."

நேர்காணல் அன்று காலை ஏழு மணிக்கே கூத்தன் ஆளைப் பிரித்தான். செல்வி கொடிக்கம்பத்தடியில். காதர் கிரிக்கெட் மைதானத்தின் நட்டநடுவில். இசக்கிமுத்து சைக்கிள் கொட்டகைக்குப் பின்னால். கூத்தன் தண்ணீர்த் தொட்டி மேல்.

துறைக்குள்ளே நேர்காணல் நடந்துகொண்டிருந்தது. உள்ளே போன ஒவ்வொரு பிள்ளையும், "சிறு வயது முதலே கணினி அறிவியல்மீது எனக்குத் தீராத தாகம்" என்று ஒரே வாக்கியத்தை ஒரே ராகத்தில் சொல்லிற்று. எல்லாரும் ஒரே பயிற்சி மையத்தில் கற்றது. இருநூறு முறை தாகத்தைக் கேட்டதில் தேர்வுக் குழுவினர் பதினெட்டுப் பாட்டில் தண்ணீர் குடித்துவிட்டார்கள். நால்வரின் பெயரையும் மும்மூன்று முறை கூப்பிட்டார்கள். தண்ணீர்த் தொட்டி வரைக்கும் கேட்கவில்லை.

சாயங்காலம் முகமெல்லாம் கருகி நால்வரும் ஒன்றுசேர்ந்தார்கள்.

"ஒழுங்காத் தனிச்சு நின்னீங்களா?" என்றான் கூத்தன்.

"ஒரு ஆளு பக்கத்துல வரலை," என்றாள் செல்வி.

"ஒரு ஆடு வந்து ஒட்டி நின்னுச்சு," என்றான் இசக்கிமுத்து. "சனியன், நம்ம இடத்துக்குப் போட்டின்னு விரட்டிட்டேன்."

தரவரிசைப் பட்டியல் வந்தது. விண்ணப்பித்தவர்கள் இருநூற்றுப் பதினைந்து பேர். செல்வி இருநூற்றுப் பன்னிரண்டு, காதர் இருநூற்றுப் பதின்மூன்று, இசக்கிமுத்து இருநூற்றுப் பதினான்கு. கூத்தன் கடைசி.

இசக்கிமுத்துவுக்கு அப்போதே மூக்கில் தவிடு ஏறியதுபோல் இருந்தது, தும்மினான். சேர்க்கைப் பிரிவு எழுத்தர் சங்கரபாகத்திடம் போய் நின்றார்கள். அவர் கோப்பிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்:

"உங்களுக்கு முன்னால இருக்கவங்க விலகினா உங்களுக்கு இடம். எதுனாலும் எழுத்துல கொண்டாங்க. வாய்ப்பேச்சு இங்க செல்லாது."

வெளியே வந்ததும் கூத்தன் சொன்னான்: "இவ்வளவுதானா? கேட்டா விலகிட்டுப் போறாங்க!"

நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, மேலே 'விலகினேன்' என்று எழுதிக் கோடு போட்டுக்கொண்டார்கள். துறை நடைபாதையில் நடந்தார்கள். முதலில் முன்னால் இருந்தவன் கையில் சாப்பாட்டுத் தூக்கோடு வந்த ஒரு மாணவன்.

"அண்ணே, கொஞ்சம் விலகுங்க."

விலகினான்.

"நன்றிண்ணே. இதுல ஒரு கையெழுத்து."

போட்டான். நம் நாட்டில் கோடு போட்ட நோட்டை நீட்டினால் எதற்கு என்று கேட்கிறவர் அபூர்வம். துறைத் தலைவர் நல்லசிவம் கைப்பேசியில் பேசிக்கொண்டே விலகி, பேசிக்கொண்டே கையெழுத்திட்டார். பேராசிரியர்கள் ஆறு பேரில் ஐந்து பேர் அப்படியே. ஒரே ஒருவர் மட்டும், "நான் எதுக்கு விலகணும்?" என்று முறைத்தார்.

"நீங்க முன்னால இருக்கீங்கள்லா சார்," என்றாள் செல்வி.

முப்பது வருடப் பணியில் அவரிடம் அப்படி யாரும் சொன்னதில்லை. குளிர்ந்துபோய், இரண்டு இடத்தில் கையெழுத்துப் போட்டார். ஒன்றை அடித்தார்கள், கணக்குச் சுத்தமாக இருக்க வேண்டும்.

மூன்றே நாளில் இருநூற்றுப் பதினொன்று. செல்விக்கு முன்னால் இனி யாரும் இல்லை. அவள் கண்ணை மூடி ஸ்தோத்திரம் சொன்னாள். அவள் கண்ணைத் திறந்தபோது காதர் தொண்டையைச் செருமினான்.

"செல்வி, தப்பா நினைக்காதே. எனக்கு முன்னால இன்னும் ஒரு ஆளு இருக்கு."

"யாரு?"

"நீதான்."

செல்வி யோசித்தாள். அவன் சொன்னது சரிதான். முகம் சுருங்கிப்போயிற்று. ஆனாலும் இருநூற்றுப் பதினொரு அந்நியர்கள் செய்த உதவியைச் சொந்த ஊர்க்காரனுக்குத் தான் செய்யாமல் இருப்பதா? ஒதுங்கி நின்று கையெழுத்துப் போட்டாள். காதர் மகிழ்ந்து முடிப்பதற்குள் இசக்கிமுத்து அவன் தோளைத் தொட்டான். காதர் விலகினான். பிறகு அண்ணாச்சிக்காக இசக்கிமுத்து விலகினான். கையெழுத்துப் போட்டுவிட்டுத் தவிட்டை நினைத்துக்கொண்டான். அரிசி ஆலை மாமாவுக்குக் குரலும் பெரிது, கையும் பெரிது.

கூத்தன் தேம்பித் தேம்பி அழுதான். "இப்படி ஒரு நட்பு யாருக்குலே கிடைக்கும்!"

மூவரும் அவனைத் தேற்றினார்கள். பிறகு மூவரும், ஊருக்குச் சொல்லாமலே, தாவரவியலில் போய்ச் சேர்ந்தார்கள்.

சங்கரபாகம் கையெழுத்துகளை எண்ணினார். இருநூற்றுப் பதினான்கு. பட்டியலில் இருநூற்றுப் பதினான்கு பெயர்களை அடித்தார். மிச்சம் தில்லைக்கூத்தன். இடம் கிடைத்திருந்த நாற்பது பேரும் வந்து கத்தினார்கள்.

"கையெழுத்து எங்களோடது இல்லே சார்!"

"எண்ணிக்கை சரியா இருக்கு," என்றார் சங்கரபாகம். "யாரு கையெழுத்துன்னு பாக்கது என் பிரிவு இல்லே."

அந்தப் பிரிவு வேறு மாடியில் இருந்தது. நோட்டு அங்கே போயிற்று. அங்கே இருந்தவர்கள், துறைத் தலைவரும் ஆறு பேராசிரியர்களும் 'விலகினேன்' என்பதன்கீழ்க் கையெழுத்திட்டிருப்பதைக் கண்டு, எழுவரின் ராஜினாமாவையும் ஏற்றுக்கொண்டார்கள். நல்லசிவம் எதிர்க்கவில்லை. பெங்களூரில் வேலை கிடைத்து நாலு மாதமாகியும், ராஜினாமா எழுதச் சோம்பல்பட்டுக்கொண்டிருந்தவர் அவர்.

ஆக, கணினி அறிவியல் துறையில் கூத்தன் ஒருவனே இருந்தான். தினமும் காலை ஒன்பது மணிக்கு வந்து, கரும்பலகையைப் பார்த்து உட்கார்ந்துவிட்டு, நாலரைக்கு எழுந்து போனான். கேள்வித்தாள் தயாரிக்க ஆள் இல்லாததால் அவன் எந்தத் தேர்விலும் தோற்கவில்லை. வருடக் கடைசியில் பல்கலைக்கழகம் விளம்பரம் வெளியிட்டது: 'எங்கள் கணினித் துறையில் தோல்வி அடைந்தவர் எவரும் இல்லை. மாணவர் ஒருவருக்கு ஐம்பது கணினிகள்.'

அடுத்த வருடத்துக்கு ஆயிரத்து முந்நூற்று நாற்பத்திரண்டு விண்ணப்பங்கள் வந்தன.

தேர்ந்தெடுப்பது அந்தந்தத் துறையின் பொறுப்பு என்பது சட்டம். துறை என்றால் கூத்தன். பதிவாளர் அவனை அழைத்து, விண்ணப்பக் கட்டைக் கொடுத்தார்.

"தம்பி, எனக்கு ஓய்வு பெற இன்னும் ஒரு வருஷந்தான். ஒரே ஒரு விதி. நாப்பது பேருக்கு மேல போகக் கூடாது. ஒரு பேரு கூடினாலும் என் வேலை போயிரும்."

"ஒரு பேரு கூடாது சார்," என்றான் கூத்தன்.

தாவரவியலில் இருந்து மூவரையும் அழைத்தான். நால்வரும் விண்ணப்பங்களைத் தரையில் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

"முதல்ல நம்ம மூணு பேரு," என்று சொல்லி, வெளியூர்க்காரர்களுக்கு மரியாதையாக மேலே இடம் விட்டு, தாளின் அடியில் எழுதினான் கூத்தன். ஜெபசெல்வி, காதர் மைதீன், இசக்கிமுத்து. அந்தப் பெயர்களில் வேறு யாரும் விண்ணப்பிக்கவில்லை. இசக்கிமுத்து வருடத்தில் முதல் தடவையாகச் சிரித்தான்.

"இன்னும் முப்பத்தேழு பேரு," என்றாள் செல்வி. "கார்த்திக்?"

"நல்ல பேரு. போடு."

"கார்த்திக்குன்னு அறுபத்தோரு ஆளு இருக்கே அண்ணாச்சி?"

"ஆளைப் பத்தி அவரு ஒண்ணும் சொல்லலியே," என்றான் காதர். "பேரு ஒண்ணுதானே?"

பிரியதர்ஷினி என்று தொண்ணூற்றாறு. விக்னேஷ் நூற்றுப் பதினான்கு. எண்கணித ஜோதிடம் பார்த்துக் கூடுதலாக ஒரு எழுத்துப் போட்டுக்கொண்டவர்கள்தான் பாவம். அது வேறு பேர் என்று கூத்தன் கறாராகக் கழித்துவிட்டான். சாயங்காலம் பட்டியல் முடிந்தது. பதிவாளர் விரல் விட்டு எண்ணினார். நாற்பது. மேலும் ஒருமுறை எண்ணினார். நாற்பதேதான். நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டார்.

வகுப்பு தொடங்கிய அன்று, கிரிக்கெட் மைதானத்தில் ஆயிரத்து எண்பத்தாறு ஆட்கள் நின்றார்கள். புதிதாக வந்த விரிவுரையாளர் வருகைப் பதிவேட்டை விரித்தார். அதில் நாற்பது வரிதான் இருந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதல் பெயரைக் கூப்பிட்டார்.

"கார்த்திக்!"

"உள்ளேன் ஐயா!" என்று அறுபத்தோரு தொண்டைகள் முழங்கியதில், வேப்பமரத்துக் காக்கைகள் அத்தனையும் ஊரைவிட்டுப் பறந்தன.

பதிவாளர் மைதானத்தின் ஓரத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கூத்தன் ஓடிப்போய் அவர் கையைப் பற்றிக்கொண்டான்.

"பயப்படாதீங்க சார். இப்பத்தானே ஒரு பேரு ஆயிருக்கு? இன்னும் முப்பத்தொம்பதுதான்."