கரையானுக்கு வாய் மூடிய கோழி

இலுப்பைக் குளத்தங்கரையில் பீலிவளவன் என்றொரு மயில் இருந்தார். ஆமாம், ‘இருந்தார்’ என்றுதான் சொல்ல வேண்டும். ‘இருந்தது’ என்றால் அவருக்குப் பொல்லாத கோபம் வரும். அந்தக் காட்டுக்கே அவர்தானே உளவியல் பேராசிரியர்!

ஒருநாள் அவருக்குப் புது யோசனை உதித்தது.

“இனி வெறும் பாடம் கிடையாது. செய்முறை! ஆளுக்கொரு பிராணியைப் பழக்குங்கள். ஓர் உயிர் எப்படிக் கற்கிறது என்று அப்போதுதான் உங்கள் மண்டையில் ஏறும்!” என்று தோகையை விரித்தார். தோகையை விரிக்காமல் அவருக்குப் பேச்சே வராது.

மாணவர்கள் கிளம்பினார்கள். அணில், ஆமையைக் குதிக்கப் பழக்கியது. ஆமை குதிக்கவில்லை. அணிலுக்குக் கொஞ்சம் பொறுமை வந்தது, அதுவும் லாபம்தான்.

கவுதாரி மண்ணழகி மட்டும் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. அதன் குஞ்சுகள் குளத்தங்கரைப் புல்லில் இருந்தன. எதிர்க்கரையில் ஒரு காட்டுப்பூனை நடமாடிக்கொண்டிருந்தது. இரை தேடப் போனால் குஞ்சுகளை யார் பார்ப்பது?

அதனால் மண்ணழகி, காட்டுக்கோழி கொக்கரசியிடம் போனது. கொக்கரசிக்குப் பார்வை கூர்மை. தொண்டையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஆனால் பூனையைக் கண்டால் தான் மட்டும் மரமேறிக்கொள்ளும், மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லாது.

“அக்கா, பூனையைப் பார்த்ததும் நீ கத்த வேண்டும். கத்தினால் கரையான் தருவேன்!”

“ஈசல் இல்லையா?”

“அது மழைக்கு அப்புறம்!”

“சரி, கரையானே ஆகட்டும். வயிறு என்ன கேள்வியா கேட்கப்போகிறது?”

மறுநாள் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. “எந்தச் செயலுக்குப் பின்னால் பரிசு வருகிறதோ, அந்தச் செயல்தான் வளரும்!” என்று பேராசிரியர் முழங்கிக்கொண்டிருந்தார். அப்போது எதிர்க்கரைப் புதரில் இரண்டு காதுகள் தெரிந்தன.

“கொக்கொக்கொக்கோ!” கொக்கரசி காடே அதிரக் கத்தியது. குஞ்சுகள் புல்லுக்குள் மறைந்தன. பூனை முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனது. மண்ணழகிக்குத் தலைகால் புரியவில்லை. கரையானைக் கவ்விக்கொண்டு ஓடியது.

“நில்!” என்றார் பேராசிரியர். “நான் முக்கியமான கட்டத்தில் இருக்கிறேன். நடுவில் என்ன கூச்சல்? முதலில் அதன் வாயை மூடு!”

“ஐயா, கத்துவதற்குத்தானே பழக்குகிறேன்...”

“அதெல்லாம் தேர்வன்று கத்தட்டும்! இப்போது வகுப்பு!”

பேராசிரியரை எதிர்த்துப் பேச முடியுமா? மண்ணழகி கொக்கரசியிடம் கெஞ்சியது. “அக்கா, கொஞ்சம் சும்மா இரேன்!” கோழி வாயை மூடியது. மூடிய மறுகணமே கரையான் கிடைத்தது.

“ஆகா, என்ன அமைதி! மண்ணழகி, நீதான் முதல் மாணவி!” என்று பேராசிரியர் மெச்சினார். விட்ட இடத்திலிருந்து பரிசைப் பற்றிய பாடத்தைத் தொடர்ந்தார்.

இதே கதை தினமும் நடந்தது. கோழி கத்தும். பேராசிரியர் முறைப்பார். கோழி அடங்கும். கரையான் வரும். போகப் போகக் கோழி பாதிக் கத்தலிலேயே நிறுத்திக்கொண்டது. பிறகு கத்துவதையே விட்டுவிட்டது. இது சரியில்லை என்று மண்ணழகிக்குத் தோன்றத்தான் செய்தது. ஆனால் ‘முதல் மாணவி’ என்று காதில் விழும்போதெல்லாம் அந்த எண்ணம் எங்கோ போய்விடும்.

தேர்வு நாள் வந்தது. பேராசிரியர் குளத்துக்கு முதுகைக் காட்டி நின்று, கற்றலைப் பற்றி நீளமாகப் பேசினார். பூனையும் வந்தது. அது இந்த முறை எதிர்க்கரையில் இல்லை, இந்தக் கரைக்கே வந்துவிட்டது! குஞ்சுகள் இருந்த புல்லை நோக்கிப் பதுங்கிப் பதுங்கி நகர்ந்தது.

கிளையிலிருந்த கொக்கரசி அதைப் பார்த்தது. பார்த்துவிட்டு வாயை இறுக மூடிக்கொண்டு, சமர்த்தாக மண்ணழகியின் அலகையே நோக்கியது.

என்ன இது, இப்படிப் பார்க்கிறதே என்று மண்ணழகி திரும்பியது. புல்லருகே பூனை!

“பிள்ளைகளா, ஓடுங்கள்!” என்று அலறியது. குஞ்சுகள் சிதறின. பாய்ந்த பூனை ஏமாந்தது. வெறுங்கையோடு போக மனமில்லாமல், பக்கத்தில் விரிந்திருந்த தோகையைப் பிடித்து இழுத்தது. பேராசிரியர் தப்பிப் பறந்தார். தோகை பூனையிடமே தங்கிவிட்டது.

மண்ணழகி ஒவ்வொரு புதராகத் தேடியது. கடைக்குட்டியை மட்டும் காணவில்லை. கடைசியில் ஒரு சருகு நடுங்கியது. அதற்கடியிலிருந்து குட்டி எட்டிப்பார்த்தது. மண்ணழகி அதை அணைத்துக்கொண்டு ஓவென்று அழுதது.

“இந்த மக்குக் கோழிக்கு ஒன்றுமே ஏறவில்லை!” என்று பேராசிரியர் கிளையில் நின்று கத்தினார்.

கொக்கரசிக்கு ஒரே குழப்பம். “நான்தான் கத்தவே இல்லையே! என் கரையான் எங்கே?” என்றது.

மண்ணழகி கண்ணைத் துடைத்துக்கொண்டு போய், கோழியின் முன் கரையானை வைத்தது.

“அவள் சரியாகத்தான் கற்றிருக்கிறாள், ஐயா. கற்றுக்கொடுத்தவள் நான். என் குஞ்சுகளைவிட உங்கள் அமைதியைப் பெரிதாக நினைத்துவிட்டேன். நாளையிலிருந்து இவள் கத்துவாள். பாடத்தை நீங்கள் நிறுத்திக்கொள்ளுங்கள்!”

பேராசிரியர் பதில் சொல்லத் தோகையை விரிக்கப் பார்த்தார். விரிக்க ஒன்றும் இல்லாததால் பேச்சும் வரவில்லை.

நீதி: கற்பவர் நம் வாய் சொல்வதைக் கற்பதில்லை; நாம் எதற்குப் பரிசு கொடுக்கிறோமோ அதையே கற்கிறார்.