சூட்டோடு மூடிய டப்பா

ஒரு விடுகதை. தட்டுக்குக் கடைசி ஆளாக வரும், முதல் ஆளாகக் கிளம்பிப் போகும். அது என்ன?

ரொம்ப யோசிக்க வேண்டாம். சாலட்டின் மேல் தூவுகிற மொறுமொறுப்புதான் அது. ஆரஞ்சு நிறப் பாக்கெட்டில் கடையில் விற்கிறார்கள். எண்ணெயில் பொரித்த ரொட்டித் துண்டுகள், அவற்றின் மேல் சீஸ் தூள், அதற்கும் மேல் உப்பு.

ஒன்பது வயது செவ்வந்தி பச்சைக் காய்கறி தின்றதே அதற்காகத்தான். மேலே கிடப்பதை விரலால் பொறுக்கித் தின்பாள். கூடவே ஒட்டிக்கொண்டு வரும் வெள்ளரித் துண்டும் போனால் போகிறதென்று உள்ளே போகும்.

ஒருநாள் காலையில் அவள் முகம் வீங்கிப் போய், கண்ணைத் திறக்க முடியாமல் எழுந்தாள். சிறுநீரகத்தில் கோளாறு என்றார்கள். ஆஸ்பத்திரியில் சில நாள் படுத்திருந்தாள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் ஒரே ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார். உப்பைக் குறைக்க வேண்டும், பாக்கெட் தீனி கூடவே கூடாது, வீக்கம் திரும்பினால் மறுபடியும் கட்டில்தான்.

செவ்வந்தி சரி என்றாள். பாக்கெட் இல்லையென்றால் தட்டும் வேண்டாம் என்றாள். உப்புக் குறைந்த சோற்றில் இரண்டு வாய் தின்றுவிட்டு எழுந்துவிடுவாள். வளையல் முழங்கை வரைக்கும் ஏற ஆரம்பித்தது.

அவளுடைய அப்பா நாச்சிமுத்து, கைக்குழந்தையோடு இருந்த மனைவியை ஊரில் விட்டுவிட்டு, மகளை மலையடிவாரத்து ஆசிரமத்துக்குக் கூட்டி வந்தார். அவர் அங்கே வருஷக்கணக்காகச் சீடர்.

நாச்சிமுத்துவுக்கு கொரியர் கம்பெனியில் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. ஒரு வீட்டில் கையெழுத்து வாங்கும்போதே கண் அடுத்த தெருவில் இருக்கும். தியானத்தில் உட்கார்ந்தால் முட்டி ஆடிக்கொண்டே இருக்கும். முடிகிற மணி அடிக்கும் முன்பே செருப்பு மாட்டியிருப்பார். அந்தப் பரபரப்பு தீர வேண்டுமென்றுதான் ஆசிரமத்துக்கு வந்தார். அது தீருகிற வழியாக இல்லை.

குரு அவரைவிட இளையவர். சாமியம்மா என்று எல்லோரும் கூப்பிட்டார்கள். சமையலறையை அவரே பார்த்துக்கொண்டார். சீடரை அவர் அண்ணா என்றுதான் கூப்பிடுவார். புதிதாக வருகிறவர்கள் நாச்சிமுத்துவின் நரைத்த தாடியைப் பார்த்துவிட்டு அவர் காலில் விழுந்துவிடுவதும் உண்டு.

"எந்திரிங்க, எந்திரிங்க. நான் பார்சல் போடற ஆளுங்க" என்று அவர் நகர்ந்துகொள்வார்.

வந்த அன்றே சாமியம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினார். பாக்கெட்டுக்குப் பதிலாக என்ன தூவினால் பிள்ளை சாப்பிடுவாள் என்று கேட்டார். கேட்டுக்கொண்டே வண்டிச் சாவியை விரலில் சுற்றினார்.

சாமியம்மா அவரைச் சமையலறைக்குள் கூட்டிப் போனார். முந்தின நாள் மிஞ்சிய சப்பாத்திகளை நகத்தளவு துண்டுகளாக வெட்டிக் காட்டினார். உப்புப் போடாத சப்பாத்தி. அதை எண்ணெய் இல்லாத வாணலியில் சின்னத் தீயில் வறுக்க வேண்டும். நிலக்கடலை, பூசணி விதை, எள், கறிவேப்பிலை, ஒவ்வொன்றையும் தனித்தனியாக வறுக்க வேண்டும். கடைசியில் மிளகும், காயவைத்த எலுமிச்சைத் தோலும் பொடித்துச் சேர்க்க வேண்டும். உப்பு இல்லாத குறையை அந்தத் தோல் ஓரளவு ஈடுகட்டும்.

"இவ்வளவுதானுங்களா?" என்றார் நாச்சிமுத்து. தீயைப் பெரிதாக்கினார்.

முதல் வாணலி கருகியது. எள் வெடித்து அடுப்பெல்லாம் சிதறியது.

இரண்டாவது தடவை நன்றாகவே வந்தது. பொன்னிறம், நல்ல வாசனை. வாணலியிலிருந்து அப்படியே டப்பாவில் கொட்டி, மூடியை அழுத்தி மூடி, அதன் மேல் தட்டிவிட்டு வெளியே ஓடினார். மறுநாள் மதியம் பெருமையாக மகளின் தட்டில் தூவினார்.

செவ்வந்தி ஒரு துண்டை மென்று பார்த்தாள்.

"மழையில நனைஞ்ச பார்சல் அட்டை மாதிரி இருக்குப்பா."

அவரும் தின்று பார்த்தார். அட்டை மாதிரிதான் இருந்தது. டப்பாவைத் தூக்கிக்கொண்டு சாமியம்மாவிடம் ஓடினார். சாமியம்மா மூடியைத் திருப்பி உள்பக்கத்தைக் காட்டினார். சூட்டின் ஆவியில் அது வியர்த்திருந்தது. எப்போது மூடினீர்கள் என்று கேட்டார்.

"வறுத்த கையோடங்க. எறும்பு வந்துருமில்லைங்களா."

நாச்சிமுத்து மூடியைத் துண்டால் துடைத்து, மறுபடியும் அதே டப்பாவை மூடினார். சாமியம்மா அதையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் நாச்சிமுத்துவுக்கு வேறொரு யோசனை வந்தது. பிள்ளை வறுவலைப் பார்க்கவில்லை, பாக்கெட்டைத்தான் பார்க்கிறாள் என்று தோன்றியது. ஊரிலிருந்து கொண்டுவந்த பையில் அந்த ஆரஞ்சுப் பாக்கெட் ஒன்று காலியாகக் கிடந்தது. புதிதாக வறுத்து அதில் நிரப்பினார். வாயை மடித்து ஒட்டினார். அவரிடம் எப்போதும் இருக்கிற டேப்பால் ஒட்டினார். மறுநாள் காலையில் அதை மகளிடம் நீட்டினார்.

"உப்பில்லாததுன்னு புதுசா வந்திருக்கு கண்ணு. கடையில வாங்கினேன்."

செவ்வந்தி பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பழுப்பு டேப்பை நகத்தால் சுரண்டினாள்.

"கடைக்காரரும் உங்க கம்பெனி டேப்தான் வெச்சிருக்காரா?"

அவர் சிரித்துச் சமாளித்தார். அவள் சிரிக்கவில்லை. பாக்கெட்டைத் திண்டின் மேல் வைத்துவிட்டுப் போனாள். அதன் பிறகு அவர் கொடுத்த எதையும் வாங்கவில்லை. சோற்றை மோந்து பார்த்துவிட்டுத் தள்ளினாள். கஞ்சியைக் கலக்கிப் பார்த்துவிட்டு வைத்துவிட்டாள். பாலை மட்டும் சாமியம்மா கையால் வாங்கிக் குடித்தாள். அப்படியே இரண்டு நாள் போனது. மறுநாள் டாக்டரிடம் போக வேண்டும்.

நாச்சிமுத்துவால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போனார். திரும்பி வந்தபோது தோள்பையில் நிஜப் பாக்கெட் ஒன்று இருந்தது. நேராகச் சமையலறைக்குப் போய் சாமியம்மாவிடம் சொல்லிவிட்டார். வீக்கம் வந்தால் வரட்டும், வயிறு காய்வதைப் பார்க்க முடியவில்லை, ஏதாவது உள்ளே போனால் போதும்.

சாமியம்மா திட்டவில்லை. வெட்டி வைத்திருந்த சப்பாத்தித் துண்டுகளை அவர் பக்கம் நகர்த்தினார்.

"வறுங்க அண்ணா."

"இப்பங்களா?"

"இப்பத்தான்."

அவர் வறுத்தார். இந்தத் தடவை தீயைச் சின்னதாக வைத்தார். துண்டுகள் நிறம் மாறின. இறக்கியதும் கை தானாக டப்பாவுக்குப் போனது. சாமியம்மா டப்பாவின் வாயைத் தன் உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.

நாச்சிமுத்து புரிந்துகொண்டு அகலமான தட்டில் பரப்பினார். ஒரு துண்டைத் தொட்டுப் பார்த்தார். சுட்டது. வாசல் வரை போய்விட்டு வந்தார். மறுபடியும் தொட்டார். ஊதினார். எவ்வளவு நேரமாகும் என்று கேட்டார். ஆணியில் தொங்கிய விசிறியை எடுத்துவந்து வறுவலின் மேல் வேகவேகமாக வீசினார். எள் பறந்தது.

சாமியம்மா விசிறியை வாங்கித் தனக்கு விசிறிக்கொண்டார்.

அப்போது செவ்வந்தி தண்ணீர் குடிக்க உள்ளே வந்தாள். நாச்சிமுத்து அவசரமாகப் பையை நகர்த்தினார். ஆரஞ்சுப் பாக்கெட் நழுவிக் கீழே விழுந்தது. அவர் அதன் மேல் தோளில் கிடந்த துண்டைப் போட்டார்.

"எடுத்து மேலயே வையுங்க அண்ணா" என்றார் சாமியம்மா.

அவர் எடுத்து, வறுவல் தட்டு இருந்த தாழ்ந்த பலகையின் மேல் வைத்தார். செவ்வந்தி பாக்கெட்டைப் பார்த்தாள். தட்டில் பரப்பியிருந்த வறுவலைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள்.

"அன்னைக்குப் பாக்கெட்டுக்குள்ள இருந்தது இதானே?"

"ஆமா கண்ணு."

"கடையில வாங்கினேன்னீங்க."

"வாங்கலை. நான்தான் வறுத்துப் போட்டேன்."

செவ்வந்தி தண்ணீரைக் குடித்து முடித்தாள். போகவில்லை. பலகைக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். நாச்சிமுத்துவும் உட்கார்ந்தார்.

சாமியம்மா வெள்ளரியும் கேரட்டும் நறுக்கி ஒரு தட்டில் வைத்தார். பாக்கெட்டில் என்னென்ன இருக்கிறது, அதைத் தின்றால் முகம் எதற்காக வீங்கும் என்று செவ்வந்திக்குச் சொன்னார். வறுவலில் என்னென்ன இருக்கிறது என்றும் சொன்னார். பெரியவர்களிடம் பேசுகிற அதே குரலில்தான் சொன்னார்.

"எது ருசி?" என்று செவ்வந்தி கேட்டாள்.

"பாக்கெட்தான்" என்றார் சாமியம்மா.

நாச்சிமுத்துவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. காய்த் தட்டை மகள் பக்கம் இழுத்தார். வறுவலை அள்ளிக் காயின் மேல் கொட்டப் போனார். செவ்வந்தி தட்டின் மேல் கையை வைத்து மறைத்தாள். அவர் வறுவலைத் திரும்பப் போட்டுவிட்டு, ஒரு வெள்ளரித் துண்டை எடுத்து அவள் வாய்க்கு நேரே நீட்டினார். இன்னொரு கையால் தட்டின் விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தார்.

"ஒரு வாய் கண்ணு. ஒரே ஒரு வாய். நாளைக்கு டாக்டர் கேப்பாங்க."

செவ்வந்தி உதட்டை இறுக்கிக்கொண்டாள். துண்டு அவள் மூக்கில் இடித்தது.

"கையை எடுங்க அண்ணா" என்றார் சாமியம்மா.

"எடுத்தா எந்திரிச்சுப் போயிருவாளுங்க."

"போகட்டும். அவ திரும்பி வர்றப்ப தட்டு இங்கேயேதான் இருக்கும். நீங்க இருப்பீங்களா?"

நாச்சிமுத்து வெள்ளரித் துண்டைத் தட்டில் வைத்தார். விளிம்பிலிருந்து கையை எடுத்தார்.

செவ்வந்தி எழுந்து போனாள்.

அவருடைய முட்டி ஆட ஆரம்பித்தது. அதன் மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டார். வெளியே அவள் குரல் கேட்கிறதா என்று காது கொடுத்தார், கேட்கவில்லை. கண் வாசலுக்குப் போய்த் திரும்பி வந்தது. சாமியம்மா அடுப்பைத் துடைத்தார், பாத்திரங்களைக் கவிழ்த்து வைத்தார், வெளியே போய்விட்டார். நாச்சிமுத்து மட்டும் உட்கார்ந்திருந்தார். சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. அவர் எடுக்கவில்லை. வறுவலைத் தொட்டுப் பார்க்கவும் இல்லை.

செவ்வந்தி வாசலில் வந்து நின்று எட்டிப் பார்த்தாள். அப்பா அதே இடத்தில் இருந்தார். உள்ளே வந்து உட்கார்ந்தாள். கையைக் கழுவியிருந்தாள்.

பாக்கெட்டை ஓரமாகத் தள்ளினாள். வறுவலில் ஒரு பிடி அள்ளி வெள்ளரிக்காயின் மேல் போட்டுக்கொண்டாள். கேரட்டை ஒதுக்கிவிட்டுச் சாப்பிட்டாள்.