பாலைவனத்தில் திருமஞ்சனம்

பட்டாளத்துக்குத் தண்ணீர் சுமப்பதே பிச்சாண்டியார் செய்த தொண்டு. செய்யாற்றங்கரையில் பிறந்தவரைப் பிழைப்பு ஆப்பிரிக்கப் பாலைவனம்வரை இழுத்துப் போயிருந்தது. சூரியன் மறையாத ராஜ்யம் என்று வெள்ளைக்காரர்கள் பெருமையடித்துக்கொண்ட ராஜ்யத்தின் படை அது. இரண்டாம் உலகப்போரின் அந்த ஆண்டில் அது பின்வாங்கிக்கொண்டே இருந்தது. சூரியன் மட்டும் சொன்ன சொல் தவறாமல் எல்லார் தலைமேலும் காய்ந்தது.

லாரியில் வரும் தண்ணீரைத் தோல்பையில் சுமந்து, பதுங்குகுழிதோறும் அளந்து ஊற்றுவார். ஒரு சொட்டும் சிந்தமாட்டார். கடைசியாகத் தம் பங்கைக் குவளையில் பிடித்துக்கொண்டு ஒதுங்குவார். அவர் இடுப்பில் ஒரு புகையிலை டப்பா இருந்தது. அதனுள்ளே செய்யாற்றுக் கூழாங்கல் ஒன்று. அதுவே அவருக்குச் சிவலிங்கம். தம் பங்கில் பாதியை அதற்குத் திருமஞ்சனமாக வார்த்து, வழிந்ததை டப்பா மூடியில் ஏந்தித் தீர்த்தமாகப் பருகுவார். அதற்குமுன் நாக்கு வறண்டாலும் ஒரு வாய் குடிக்கமாட்டார்.

ஆற்காட்டுக்காரரான ஹவில்தார் தேசிங்குக்கு இது வேடிக்கையாக இருந்தது.

"இன்னாய்யா பிச்சாண்டி, ஊரே தாகத்துல சாவுது. உன் கல்லுக்குக் குளியல் கேக்குதா?"

"அவரு குளிச்சாத்தான் எனக்குத் தாகம் தணியுதுங்க" என்று சிரித்தபடி சொல்லிவிட்டு அடுத்த குழிக்குப் போய்விடுவார். கேலி அவரை ஒன்றும் செய்ததில்லை. நிறைந்த மனிதர் அவர்.

ஒருநாள் தண்ணீர் லாரி கண்ணிவெடியில் சிக்கிச் சிதறியது. கையிருப்பைப் பகிர்ந்தபோது ஆளுக்கு அரைக் குவளைதான் தேறியது. பிச்சாண்டியார் வழக்கம்போல் எல்லாருக்கும் ஊற்றிவிட்டு, தம் குவளையுடன் ஒதுங்கினார். கம்பிவேலியோரம் இத்தாலிக்காரன் ஒருவன் குண்டடிபட்டுக் கிடந்தான். உதடு வெடித்திருந்தது. குவளையைப் பார்த்ததும் அவன் வாய் திறந்தது, குரல் வரவில்லை.

பிச்சாண்டியார் இடுப்பு டப்பாவைத் தொட்டுப் பார்த்தார். திருமஞ்சனம் இன்னும் ஆகவில்லை. கொடுத்தால் இன்று சாமிக்கும் இல்லை, தமக்கும் இல்லை. பின்னால் வந்த தேசிங்கு அதட்டினார்.

"எதிரிய்யா அவன். நாளைக்கும் லாரி வராது. செத்துப் போவே."

"வாயத் தொறந்துட்டானே, ஹவில்தார்" என்றார் பிச்சாண்டியார். மண்ணில் அமர்ந்து அவன் தலையை மடியில் ஏந்தினார். "சாமி, இன்னிக்கி உன்னப் பட்டினி போடுறேன். கோவிச்சுக்காதே" என்று கண்ணீர் விட்டபடியே நீர் முழுவதையும் அவன் வாயில் வார்த்தார்.

அவன் தொண்டையில் நீர் இறங்க இறங்க, பிச்சாண்டியாரின் இடுப்பிலிருந்து நீர் சொட்டியது. தோல்பை ஓட்டையோ என்று தேசிங்கு பார்த்தார். அது காலியாகத் தூரத்தில் கிடந்தது. மூடிய புகையிலை டப்பாதான் வழிந்துகொண்டிருந்தது. திறந்தார்கள். உள்ளே செய்யாற்றின் குளிர்ச்சியோடு விளிம்புவரை நீர். அதன் நடுவே கூழாங்கல் நனைந்து மின்னியது.

தேசிங்கு தலைப்பாகையைக் கழற்றிவிட்டு, மணலில் மண்டியிட்டு இரண்டு கைகளையும் குவித்து நீட்டினார்.

"எனக்கும் கொஞ்சம் தீர்த்தம் குடு, சாமி."

எதிரியின் வாய்வழியே ஈசனை நீராட்டிய அந்தத் தண்ணீர்க்காரரை, தாகத்துக்கு ஒரு வாய் நீர் குடிக்கும்போதெல்லாம் நாமும் நினைத்துக்கொள்வோம்.